தில்லியில் தூர்பீன் ஆபரேஷன்

நோயாளியைக் கவனித்துக்கொள்ளப் போன என்னை ரயில் நிலையத்துக்கு வந்து அழைத்துப்போனது அந்த நோயாளியேதான். என் தங்கை வடிவு பிளாட்பாரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கரும்பச்சை ஸ்வெட்டர், அதன்மேல் சால்வை, கழுத்தைச் சுற்றி மப்ளர். இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்கு வந்தபோது பார்த்த கன்னங்கள் எங்கே போயின என்று தேடிக்கொண்டே இறங்கினேன். என் பையை வாங்கப் பார்த்தாள், நான் விடவில்லை. போர்ட்டர் ஒருவர் குறுக்கே வந்து ஒரு தொகை சொன்னார். வடிவு இந்தியில் ஏதோ சொன்னாள். மனிதர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்துவிட்டுப் பையைத் தலையில் ஏற்றிக்கொண்டார்.

"என்னட்டி சொன்ன அவன்கிட்ட?"

"எங்க அக்கா டீச்சர், கூடக் கேட்டா முட்டி போட வச்சிருவான்னு சொன்னேன்."

எங்களுக்குத் தென்காசிப் பக்கம். நான் அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. வடிவு என்னைவிட ஆறு வயது இளையவள். மத்திய அரசுத் தேர்வு எழுதி, கல்லூரி முடித்த சூட்டோடு தில்லிக்கு வந்தவள் அங்கேயே இருந்துவிட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று வீட்டில் பல வருடம் கேட்டோம். பிறகு கேட்பதை விட்டுவிட்டோம். ஐப்பசியில் ஒருநாள் போனில், "வயித்துல கேன்சராம் யக்கா. ஆபரேஷன் பண்ணணும். கூட ஒரு ஆளு இருக்கணுமாம். உனக்கு லீவு கெடைக்குமா?" என்று, ஏதோ விசேஷத்துக்கு அழைக்கிறவள் மாதிரி கேட்டாள்.

மெட்ரோ ரயிலுக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. ஆட்டோ பள்ளத்துக்கும் தகரத் தடுப்புக்கும் நடுவே ஊர்ந்து போனது. காற்று கத்தி மாதிரி இரண்டு பக்கமும் அறுத்தது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட நான் ஸ்வெட்டர் போட்டதில்லை. வடிவு எனக்கு வழியில் தெரிந்த கட்டிடங்களைக் காட்டிக்கொண்டே வந்தவள், திடீரென்று ஆட்டோக்காரரிடம் "பையா, ஏக் மினிட்" என்றாள். வண்டி நின்றது. கைப்பையிலிருந்து பாலிதீன் உறை ஒன்றை எடுத்து அதற்குள் வாந்தி எடுத்தாள். முடிச்சுப் போட்டாள். வாயைத் துடைத்தாள்.

"நேத்து சாயங்காலம் குடிச்ச கஞ்சி. கீழ எறங்க வழியில்ல. அடைச்சுக்கிட்டு இருக்கு" என்று சொல்லிவிட்டு, "அந்தா தெரியுதுலா, அந்தக் கோபுரம்…" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்கு அந்தக் கோபுரம் கண்ணில் படவேயில்லை.

கோல் மார்க்கெட்டில் அரசுக் குடியிருப்பு. மாடியில் இரண்டு அறை. எனக்காகச் சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல் செய்து வைத்திருந்தாள். நான் சாப்பிடும்போது எதிரே வெந்நீர் தம்ளரோடு உட்கார்ந்து என் தட்டையே பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கா?"

ருசி பார்க்காமலே சமைத்திருக்கிறாள். உப்பு சரியாகத்தான் இருந்தது. இரண்டாம் கவளம் எனக்கு இறங்கவில்லை. அவளுக்காக இறக்கினேன்.

மறுநாள் மருத்துவமனை. ஒரு ஊரே வந்து படுத்துக் கிடக்கிற மாதிரி அதன் வெளிப்புற நடைபாதை. கம்பளிக்குள் சுருண்டு கிடந்த குடும்பங்கள், ஸ்டவ்வில் கொதிக்கும் டீ, எக்ஸ்ரே உறையைத் தலைக்கு வைத்துத் தூங்கும் பெரியவர். நம் பக்கம் ஆஸ்பத்திரி வாசலில் இளநீரும் இட்லியும் விற்பார்கள். இங்கே எண்ணெயில் பொரிந்த பூரியின் வாசனை. பசிக்கிற ஆளுக்கும் பசி செத்துப்போன ஆளுக்கும் அந்த வாசனை ஒன்றுதான்.

அறுவை செய்யப்போகும் டாக்டருக்கு ஐம்பது வயதிருக்கும். மெல்லிய குரல். வடிவிடம் இந்தியும் ஆங்கிலமும் கலந்து நீளமாகப் பேசினார். எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். பிறர் வேகமாகப் பேசினால் காதால் பிடிக்கத் தெரியாது. அவர் ஒரு தாளில் இரைப்பையை வரைந்தார். அதன் அடிப்பக்கத்தில் கோடு போட்டார். பிறகு என்னைக் காட்டி அவளிடம் ஏதோ கேட்டார். அவள் பதில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நானும் அசைத்துவைத்தேன்.

வெளியே வந்ததும் கேட்டேன். "என்னட்டி சொன்னாரு?"

"தொளை போட்டு எடுத்துருவாங்களாம்."

"இவ்வளவு நேரம் பேசுனாரே?"

"டாக்டருங்கன்னா அப்படித்தான் யக்கா. நாலஞ்சு சின்னத் தொளை போட்டு, கேமராவ உள்ள விட்டு, டிவியில பாத்துக்கிட்டே செய்வாங்க. வயித்தப் பெரிசா கிழிக்க மாட்டாங்க. சீக்கிரம் எந்திரிச்சு நடக்கலாம். இங்க எல்லாரும் தூர்பீன் ஆபரேஷன்னுதான் சொல்லுவாங்க. தூரத்துல உள்ளத பாக்க கண்ணுல வப்பம்லா, அந்தத் தூர்பீன்."

வயிற்றுக்குள் இருப்பது அவ்வளவு தூரமா என்று அப்போது வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் சேர்த்துக்கொண்டார்கள். மூக்கு வழியே குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியே எடுத்தார்கள். கையில் குளுக்கோஸ். குழாயோடு பேச அவளுக்குக் கஷ்டம். ஆனாலும் எனக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், மருந்துக்கடை எங்கே, டீக்கு எவ்வளவு என்று எல்லாவற்றையும் அவள்தான் சொல்லித்தந்தாள். இரண்டாம் நாள் வீட்டிலிருந்து கம்பளி எடுத்து வர என்னைத் தனியாக அனுப்பினாள்.

ஆட்டோக்காரரிடம் 'கோல் மார்க்கெட்' என்று சரியாகத்தான் சொன்னேன். அவர் ஏதோ திருப்பிக் கேட்டார். நான் உறுதியாக "கோல், கோல்" என்று கையால் வட்டம் போட்டுக் காட்டினேன். 'கோல்' என்றால் இந்தியில் வட்டம் என்று வடிவு சொல்லியிருந்தாள். அந்த அறிவைப் பயன்படுத்தினேன். அவர் என்னைக் கன்னாட் பிளேஸில் கொண்டு இறக்கிவிட்டுப் போய்விட்டார். அது உண்மையிலேயே பெரிய வட்டம். வெள்ளைத் தூண்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். நடந்தால் மறுபடியும் அதே வெள்ளைத் தூண்கள். வழி கேட்க வாயைத் திறந்தால் தமிழ்தான் வந்தது. முப்பது வருடம் பிள்ளைகளைப் பேச வைத்தவள், நடுத்தெருவில் ஊமையாக நின்றேன்.

கடைசியில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் நுழைந்து வடிவின் செல்போனுக்குப் பேசினேன். "போனை அந்தக் கடைக்காரர்ட்ட குடு" என்றாள். மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவள் பேசப் பேச, கடைக்காரர் "அச்சா ஜி, அச்சா ஜி" என்று எழுந்து நின்றே கேட்டுக்கொண்டார். தானே வெளியே வந்து ஆட்டோ பிடித்து, ஓட்டுநரிடம் விவரம் சொல்லி, என்னை ஏற்றிவிட்டார். போனுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். நான் யாரைக் கவனிக்க வந்தேன் என்று ஆட்டோவில் இருந்தபடி யோசித்தேன். கம்பளியை எடுத்துக்கொண்டு போனபோது, "ஊர் சுத்திப் பாத்தியா?" என்று கேட்டாள்.

ஆபரேஷன் அன்று காலையில் அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். கதவுவரை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். "சாயங்காலம் ஆகும் யக்கா. சாப்பிட்டுக்கோ. பட்டினி கெடக்காத" என்றாள். கதவு மூடியது.

காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்தில் அரியானாவில் ரோத்தக் பக்கத்துக் கிராமத்து அம்மாள் ஒருவர். முக்காடு மூக்குவரை. அவருடைய வீட்டுக்காரருக்குப் பித்தப்பையில் கல். அவருக்கும் தூர்பீன்தான் என்று கண்ணருகில் விரலை வளைத்துக் காட்டினார். நானும் அதேபோல் காட்டினேன். அதற்குமேல் எங்களுக்குள் பேச வார்த்தை இல்லை. அவர் துணி முடிச்சை அவிழ்த்து, முள்ளங்கி வைத்த ரொட்டியும் மாங்காய் ஊறுகாயும் எடுத்து என் மடியில் வைத்தார். வேண்டாம் என்று தலையசைத்தேன். என் கையைப் பிடித்து ரொட்டியை அதில் அழுத்தினார். சாப்பிட்டேன். சூடு ஆறிப்போன அந்த ரொட்டி அத்தனை ருசியாக இருந்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

ரொட்டியை முடித்துக் கை கழுவி வந்து உட்கார்ந்தேன். ஒலிபெருக்கியில், "வாடிவூ கே சாத் கௌன் ஹை?" என்று கேட்டது. வடிவோடு வந்தது யார் என்று கேட்கிறார்கள். இரண்டாம் முறை கேட்டபோதுதான் அது என் தங்கையின் பெயர் என்று உறைத்தது. அதற்குள் முடிந்துவிட்டதா? சீக்கிரம் முடிந்தது நல்லதுதானே என்ற நினைப்போடு எழுந்து போனேன்.

கதவுக்கு உள்ளே, பச்சை உடையில், முகக் கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு டாக்டர் நின்றார். ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்தார். 'ஸ்ப்ரெட்' என்ற சொல் விளங்கியது. 'சாரி' விளங்கியது. இடையில் உள்ளவை ஓடிப்போயின. என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். எனக்கு எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சொல்கிறவள் உள்ளே மயக்கத்தில் கிடந்தாள்.

டாக்டர் திரும்பி யாரையோ அழைத்தார். ஒரு நர்ஸ் வந்தாள். "சேச்சி, மலையாளம் அறியுமோ?" என்றாள். தென்காசிக்காரிக்கு மலையாளம் அந்நியம் இல்லை, மலைக்கு அந்தப்புறம்தானே. தலையசைத்தேன். அவள் பெயர் ஜெசி என்று பிறகு தெரிந்தது. அவள் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"சேச்சி, முதலில் கேமராவை விட்டுச் சுற்றிப் பார்த்தார்கள். நோய் இரைப்பைக்கு வெளியிலும் பரவியிருக்கிறது. வயிற்றின் உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மணி மாதிரி இருக்கிறது. ஸ்கேனில் அது தெரியவில்லை. இனி இரைப்பையை எடுத்துப் பிரயோஜனம் இல்லை. எடுத்தால் இருக்கிற தெம்பும் போய்விடும்."

டாக்டர் மேலும் ஏதோ சொன்னார். ஜெசி தொடர்ந்தாள்.

"ஒன்று செய்யலாம் என்கிறார். அடைப்பு இருக்கிற இடத்தை விட்டுவிட்டு, இரைப்பையின் மேல்பகுதியைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைத்துப் புதுசாக ஒரு வழி போடலாம். இதே துளைகள் வழியாகவே செய்துவிடுவார். நோயைக் குணப்படுத்தாது. ஆனால் சாப்பாடு இறங்கும். வேண்டாம் என்றால் இப்போதே மூடிவிடுவார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்."

"நான் எப்படிச் சொல்ல? அவகிட்ட கேக்க வேண்டாமா?"

ஜெசி அதை டாக்டரிடம் சொன்னாள். அவர் பதிலை என்னைப் பார்த்தே சொன்னார். ஜெசி கொஞ்சம் தயங்கினாள்.

"அன்றைக்கே கேட்டாராம். உள்ளே பார்த்தபின் இப்படியும் ஆகலாம் என்று எல்லாவற்றையும் உங்கள் தங்கையிடம் சொல்லியிருக்கிறார். அப்படி ஆனால் என்ன செய்யட்டும் என்று கேட்டதற்கு, 'அக்கா வெளியே இருப்பாள், அவள் சொல்கிறபடி செய்யுங்கள்' என்றாராம்."

அந்த நீளமான பேச்சு அதுதான். தொளை போட்டு எடுத்துருவாங்க என்று ஒரே வரியாகச் சுருக்கி என்னிடம் கொடுத்துவிட்டாள். கோபம் வந்தது. அங்கே நின்று கோபப்பட நேரமில்லை.

"அவ சாப்பிடுவாளா?" என்று மட்டும் கேட்டேன்.

"கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் தண்ணீர், அப்புறம் கஞ்சி, பிறகு சோறு. வாந்தி நிற்கும்."

"எவ்வளவு நாளைக்கு?"

டாக்டர் கையை விரிக்கவும் இல்லை, கணக்குச் சொல்லவும் இல்லை. "மாதங்கள். வருடங்கள் என்று சொல்ல மாட்டேன்" என்றார். ஜெசி மொழிபெயர்க்கும் முன்பே அது எனக்கு விளங்கிவிட்டது.

"செய்யச் சொல்லுங்க" என்றேன். காட்டிய இடத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். டாக்டர் என் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனார்.

கூடத்துக்குத் திரும்பினால், ரோத்தக் அம்மாளின் வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அந்த அம்மாள் பர்ஃபி டப்பாவை ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தார். நான் கதவுக்குள்ளிருந்து வருவதைப் பார்த்ததும் எனக்கும் நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே ஒரு துண்டை என் வாயிலேயே வைத்தார். மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். என் கண்ணில் நீர் வழிவதைப் பார்த்து அவர் சிரிப்பு நின்றது. முக்காட்டைத் தூக்கி என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். பிறகு டப்பாவை மூடிவைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். வீட்டுக்காரரைப் பார்க்க அவரைக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

மதியம் தாண்டி வடிவைக் கொண்டுவந்தார்கள். கண் திறந்தவள் என்னைப் பார்க்கவில்லை; ஜன்னலைப் பார்த்தாள். வெயில் கண்ணாடியில் இருந்தது.

"வெளிச்சமா இருக்கே" என்றாள்.

முழுசாக எடுப்பதென்றால் இருட்டும்வரை ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

"எடுக்கலையா யக்கா?"

"இல்லட்டி."

கண்ணை மூடிக்கொண்டாள். என் விரலை மட்டும் விடவில்லை.

மறுநாள் காலையில் அவளே கேட்டாள். "அவரு சொன்னத எல்லாம் சொல்லு. ஒண்ணையும் விடாத."

சொன்னேன். மணி மணியாகப் பரவியிருப்பதை, எடுத்துப் பிரயோஜனம் இல்லாததை, புதிதாகப் போட்ட வழியை, மாதங்கள் என்றதை. அவள் எனக்குச் சுருக்கிச் சொன்ன மாதிரி நான் சுருக்கவில்லை. சொல்லி முடித்தபின் எதிர்க்கட்டில் கிழவிக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்ததை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கையெழுத்து நீ போட்டியா?"

"நான்தான்."

"நல்லது."

"எங்கிட்ட ஏம்ட்டி முன்னாலேயே சொல்லல?"

"சொன்னா நீ அன்னையில இருந்தே அழுதுக்கிட்டு இருந்திருப்ப. மூக்குல குழாயோட நானா உன்னத் தேத்துவேன்?"

ஒட்டிய பிளாஸ்திரிகளைப் போர்வையை விலக்கிக் காட்டினாள். தொப்புள் பக்கம் ஒன்று, சுற்றி நாலைந்து. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவுதான். இந்தச் சின்ன வாசல்கள் வழியாகவா அத்தனை பெரிய செய்தி வெளியே வந்தது என்று இருந்தது. பெரிய வெட்டு இல்லாததால் மூன்றாம் நாளே வராந்தாவில் நடந்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, "வெரி குட்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நடை நன்றாகத்தான் இருந்தது.

மூக்குக் குழாயை எடுத்த பிறகு முதல் தடவை கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன். பிறகு பருப்புத் தண்ணீர். அவள் விழுங்கியதும் இருவரும் காத்திருப்போம், வாந்தி வருமா என்று. பரீட்சைத் தாள் திருத்துகிறவள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் மாதிரி. வரவில்லை. ஜெசி டியூட்டி முடிந்து போகிறபோதெல்லாம் எட்டிப் பார்த்து, "இறங்கியோ சேச்சி?" என்று கேட்பாள். "இறங்கிட்டு" என்று சொல்வேன். அந்த வார்டில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் அவ்வளவுதான். அது சின்னதாக இல்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்குள் சண்டை வந்தது. அடுத்து மருந்து ஏற்ற வேண்டும். அதைத் திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஏற்றிக்கொள்ளலாம், என்னோடு ஊருக்கு வந்துவிடு என்றேன். கட்டிலில் சாய்ந்திருந்தவள் மாட்டேன் என்றாள்.

"இங்க உனக்கு யாருட்டி இருக்கா?"

"அங்க யாரு இருக்கா? உன்னத் தவிர?"

"நான் போதாதா?"

"போதும். ஆனா ஊருக்கு வந்தா நான் சாகக் கெடக்கிறவ. தெரு முழுக்க வந்து எட்டிப் பாத்துட்டுப் போவும். இங்க ஆபீஸ்ல என் ஃபைலு காத்துக்கிட்டு இருக்கு. கீழ்வீட்டுக்காரி ரெண்டு நாளைக்கு ஒருக்கா வந்து என்ட்ட அவ மாமியாரப் பத்திப் புலம்புவா. அவ பாஷையில நான் சண்டை போட்டிருக்கேன், சிரிச்சிருக்கேன். இதுதான் யக்கா என் ஊரு. நீ வேணா லீவ நீட்டிட்டு இங்க இரு."

"இந்தக் குளிருலயா?"

"ஸ்வெட்டர் வாங்கித் தாரேன்."

அன்று முழுவதும் அவளோடு பேசவில்லை. சாயங்காலம் தொலைபேசியில் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ வரமாட்டா கோமதி. நீ இரு. இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றார். லீவை நீட்டினேன்.

காய்க்காரரிடம் 'கித்னா' என்று விலை கேட்கவும், 'ஜாஸ்தி' என்று சொல்லி நடக்கவும் பழகினேன். கத்தரிக்காய் இங்கே தேங்காய் அளவு இருக்கும். புளிக்குழம்பில் போட்டால் கரைந்துபோகும். தயிர் குளிரில் உறையவே மாட்டேன் என்றது; பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்பருகே வைக்க வேண்டியிருந்தது. வடிவு கால் வயிறு, கால் வயிறாக ஒரு நாளைக்குப் பல தடவை சாப்பிட்டாள். மருந்து ஏற்றிய நாட்களில் படுத்தே கிடந்தாள். மற்ற நாட்களில் என் இந்தியைத் திருத்தினாள். பொங்கலுக்குப் பிறகு அரை நாள் அரை நாளாக ஆபீஸுக்கும் போய்வந்தாள்.

அதற்குமேல் அவள் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் இருந்தாள். கடைசி வாரங்களுக்கு நான் மறுபடியும் தில்லிக்குப் போனேன். அந்தப் பயணத்தைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. முதல் பயணத்தில், நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அன்று ஞாயிறு. பல நாள் பனிமூட்டத்துக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. தெருவே வெளியே வந்து வெயில் காய்ந்தது. வடிவு சால்வையைப் போர்த்திக்கொண்டு, "வா, கீழ போவோம்" என்றாள். மெதுவாகப் படி இறங்கினோம். மார்க்கெட் ஓரத்தில் ஒருவர் கூடையில் சட்டி வைத்துத் தணல் மூட்டி சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். தோலை உரித்து, துண்டு போட்டு, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவி, இலைத் தொன்னையில் தருவார். வடிவு இரண்டு சொன்னாள். தன்னுடையதில் மசாலா வேண்டாம் என்று இந்தியில் சொன்னது எனக்கு விளங்கியது.

குச்சியால் ஒரு துண்டைக் குத்தி வாயில் வைத்தாள். கண்ணை மூடி மென்றாள். விழுங்கினாள். நான் வழக்கம்போல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு துண்டு எடுத்தாள். அதுவும் இறங்கியது. என் தொன்னையில் ஆவி போய்க்கொண்டிருந்தது.

"நீயும் தின்னு யக்கா" என்றாள். "என்னையே பாத்துக்கிட்டு நிக்காத. ஆறிப்போச்சுன்னா நல்லாருக்காது."

தின்றேன்.